பத்துக் கோப்பைகள், ஆறு மயிரிழைகள்: ஏமன் ரயன் என்ற மேலாளர்

அயர்லாந்தின் கார்க் கவுன்டி (மாவட்டம்) பெண்கள் கேலிக் கால்பந்து அணியை ஏமன் ரயன் 2004 முதல் 2015 வரை நடத்தினார். அந்தக் காலத்தில் அணி பத்து முறை அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. 2005 முதல் 2009 வரை தொடர்ந்து ஐந்து. 2010இல் ஒரு சறுக்கல். பிறகு 2011 முதல் 2015 வரை மறுபடியும் ஐந்து. பதினோரு ஆண்டுகளில் பத்துக் கோப்பை என்றதும், எதிரே நிற்க ஆளில்லாத ஓர் அணி என்றுதான் எண்ணத் தோன்றும்.

இறுதிப்போட்டிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை. அன்றைய கேலிக் கால்பந்து விதிப்படி கோலுக்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பினால் ஒரு புள்ளி. 1-7 என்று எழுதினால் ஒரு கோலும் ஏழு புள்ளிகளும், மொத்தம் பத்து. இனி பாருங்கள். 2006இல் ஆர்மாவுக்கு எதிராக 1-7க்கு 1-6. 2009இல் டப்ளினுக்கு எதிராக 1-9க்கு 0-11. 2013இல் மோனகனுக்கு எதிராக 1-10க்கு 1-9. 2014இல் மீண்டும் டப்ளின், 2-13க்கு 2-12. நான்கும் ஒரே புள்ளி வித்தியாசம். 2011, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வித்தியாசம் இரண்டு புள்ளி. ஆக, பத்தில் ஆறு கோப்பைகள் ஒரே ஓர் உதை வேறுபக்கம் போயிருந்தால் கைமாறியிருக்கக்கூடியவை. 2008இல் மோனகனைப் பதினோரு புள்ளியிலும் 2012இல் கெர்ரியை ஒன்பது புள்ளியிலும் நசுக்கியதுபோன்ற வெற்றிகள் குறைவு.

எதிரியைவிடப் பல மடங்கு வலுவான அணியை யார் நடத்தினாலும் வெல்லும். சம பலமுள்ள எதிரிகளை ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு புள்ளியில் வெல்வது வேறு கதை. ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆறு முறை நடந்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் அந்தப் பெண்கள் மற்றவர்களைவிட எதை நன்றாகச் செய்தார்கள், அதை அவர்களுக்கு யார் பழக்கினார் என்று கேட்டாக வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். ஓர் அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், உதைக்கலாம், கையால் தட்டி மற்றவருக்கு அனுப்பலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு காலடிக்கு மேல் ஓடக்கூடாது, தரையில் தட்டியோ காலால் கைக்கே உதைத்தோதான் தொடர வேண்டும். பெண்கள் ஆட்டம் ஒரு மணி நேரம், பந்து சற்றுச் சிறியது. தரையில் கிடக்கும் பந்தைக் கையாலேயே எடுக்கலாம், ஆண்களுக்கு அந்த உரிமை இல்லை. தோளால் மோதித் தள்ளுவது பெண்கள் விதியில் தவறு. எனவே உடல் வலுவைவிடக் கைத்திறனும் கால்திறனும் வேகமும் அதிகம் பேசும் ஆட்டமாக அது வளர்ந்திருக்கிறது. இன்னொரு வேறுபாடும் அந்தக் காலத்தில் இருந்தது. 1997 இறுதிப்போட்டியில் நடுவர் பத்து நிமிடத்துக்கும் மேலாகக் கூடுதல் நேரம் கொடுத்துவிட, பெரும் சர்ச்சை எழுந்தது. அதன் விளைவாக, எல்லோருக்கும் தெரியும்படி கீழ்நோக்கி எண்ணும் கடிகாரம் பெண்கள் ஆட்டத்துக்கு வந்தது. நேரம் முடிந்ததும் சங்கு ஊதும், ஆட்டம் முடிந்தது. எவ்வளவு நேரம் மிச்சம் என்று துல்லியமாகத் தெரிந்துகொண்டே ஆடுவது பதற்றமுள்ளவர்களுக்குத் தண்டனை, பழகியவர்களுக்கு வரம். கார்க் பெண்கள் இரண்டாவது வகை.

பெண்கள் கேலிக் கால்பந்துச் சங்கம் 1974இல் டர்லஸ் ஊரில் ஹேய்ஸ் ஹோட்டலில் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் பிறந்ததும் அதே ஹோட்டலில்தான். இடையே தொண்ணூறு ஆண்டுகள். முதலில் கோலோச்சியது கெர்ரி, 1982 முதல் 1990 வரை தொடர்ந்து ஒன்பது கோப்பைகள். பிறகு வாட்டர்ஃபோர்டு, மோனகன், மேயோ என்று கோப்பை கைமாறிக்கொண்டே இருந்தது. கார்க் பரப்பளவில் நாட்டிலேயே மிகப் பெரிய கவுன்டி, ஆண்கள் விளையாட்டில் பழம்பெருமை கொண்டது. அதன் பெண்கள் மட்டும் 2004 வரை அகில அயர்லாந்துக் கோப்பையை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. தம் மாகாணமான மன்ஸ்டரின் முதல்தரப் பட்டத்தைக்கூட வென்றதில்லை. திறமைக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. கார்க்கின் டோனமோர் கிளப் 2001, 2003 ஆண்டுகளில் நாட்டின் சிறந்த பெண்கள் கிளப்பாக வாகை சூடியிருந்தது. கிளப்பாக ஆடும்போது வென்றவர்கள் கவுன்டியாகச் சேர்ந்தால் தோற்றார்கள்.

2004இல் பொறுப்பேற்றபோது ரயனுக்கு வயது அறுபத்திரண்டைத் தாண்டியிருந்தது. பெண்கள் அணியை ஏறுபடியாக நினைத்து வரும் இளைஞரின் வயது அல்ல அது. 1941இல் பிறந்தவர், கார்க் நகரத்துக்கு அருகே உள்ள வாட்டர்கிராஸ்ஹில் ஊர்க்காரர், தொழிலால் ஆசிரியர். கார்க் ஆண்கள் அணிக்கு ஆடி 1967 அகில அயர்லாந்து இறுதிப்போட்டியில் மீத்திடம் மூன்று புள்ளியில் தோற்றவர்களில் ஒருவர். பின்னர் பயிற்சியாளரானார். 1983இல் அவர் பயிற்றுவித்த கார்க் அணி, எட்டு ஆண்டுகளாக மன்ஸ்டரில் யாராலும் அசைக்க முடியாதிருந்த கெர்ரியை வீழ்த்தியது. டைக் மர்ஃபி கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் 3-10க்கு 3-9. அதுவும் ஒரே புள்ளி! ஆனால் அந்த ஆண்டு அரையிறுதியில் டப்ளினுடன் சமன் செய்து, மறு ஆட்டத்தில் மோசமாகத் தோற்றார்கள். கெர்ரியை வீழ்த்திய அந்த ஒரு கோலின் பேரில்தான் கார்க்கில் அவரை நெடுங்காலம் நினைவு வைத்திருந்தார்கள். அறுபது வயதுக்கு மேல் இன்னொரு வாழ்க்கை தொடங்கும் என்று அன்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கார்க்கின் மேற்கே, ஐரிஷ் மொழி பேசும் பாலின்கியரி பகுதியில் குடியேறியவர் அவர். அந்த மொழியில் சரளமாகப் பேசுவார். பெண்கள் ஆட்டங்களை 2001 முதல் ஒளிபரப்பி, போட்டிக்குப் பெயரும் பணமும் தந்த தொலைக்காட்சியான டிஜி4, ஐரிஷ் மொழிச் சேனல். வெற்றிக்குப் பிறகு மைக் நீளும்போது அவர்களுக்கு வாய்த்த மேலாளர் அவர்கள் மொழிக்காரர். தற்செயல்தான். இருந்தாலும் நல்ல தற்செயல்.

அவரிடம் ஆடியவர்கள் சொல்வதிலெல்லாம் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: பயிற்சியில் எந்த நேரமும் பந்து இருக்கும். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு மூச்சு வாங்கவைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பந்தைப் பிடி, கொடு, உதை, பிடித்த கையோடு திரும்பு. இரண்டு காலாலும், இரண்டு கையாலும். அடுத்த நாளும் அதுவே. ஐந்து கோப்பை வென்ற அணிக்கும் அதுவே. சீனியர் வீராங்கனை என்று எந்த விலக்கும் இல்லை. தொடக்கப் பள்ளி வாத்தியார் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வைப்பதுபோல என்று சொன்னால் தப்பில்லை.

இது எளிமையாகத் தோன்றுவதால் பலர் இதைக் குணநலனாகப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்: அமைதியானவர், கத்தமாட்டார், எல்லோரையும் சமமாக நடத்துவார், தாத்தாவைப் போன்றவர் என்றெல்லாம். இரங்கல் குறிப்புகளில் இந்த வரிகள் நிறைய. எனக்கு அவை போதவில்லை. அமைதியான, அன்பான, தோற்றுப்போன மேலாளர்கள் எத்தனையோ பேர் உண்டு. அவர் செய்தது ஒரு தொழில்நுட்பத் தேர்வு என்று நான் நினைக்கிறேன். மோதல் தடைசெய்யப்பட்ட ஆட்டத்தில், பந்தை இழக்காத அணியிடமிருந்து அதைப் பிடுங்குவது கடினம். கால் சோர்ந்துபோன ஐம்பதாவது நிமிடத்தில் எதிரணியின் கொடுப்பு ஒரு அடி விலகிப் போகிறது. கார்க் பெண்களின் கொடுப்பு விலகுவதில்லை. பதற்றமான நேரத்தில் யோசித்துச் செய்ய வேண்டியவை குறையக் குறையத் தவறும் குறைகிறது. ஒரு புள்ளி வெற்றிகள் அங்கிருந்து வந்தவை.

கவுன்டி அணிக்குள் இருந்த கிளப் பகையை அவர் எப்படித் தீர்த்தார் என்பதற்கும் அதே பயிற்சிதான் பெரும்பாலும் விடை. டோனமோர்காரியும் இன்னொரு கிளப்காரியும் எதிரெதிரே நின்று ஆயிரம் முறை பந்தைக் கொடுத்து வாங்கினால், ஒருத்தி எந்தப் பக்கம் திரும்புவாள் என்று மற்றவளுக்குத் தெரிந்துவிடும். 2004இல் முதல் மன்ஸ்டர் பட்டம் வந்தது. அகில அயர்லாந்துப் போட்டியில் மேயோவிடம் தோற்றார்கள். 2005இல் தேசிய லீக். அதே ஆண்டு கால்வேயை 1-11க்கு 0-8 என்று வென்று முதல் கோப்பை. கேப்டன் ஜூலியட் மர்ஃபி, டோனமோர் வீராங்கனை.

அந்த அணியின் பெயர்கள் சிலவற்றைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. ரீனா பக்லி, பிரீஜ் கார்க்கரி இருவரும் கால்பந்தோடு கமோகி என்ற பெண்கள் மட்டைப் பந்தாட்டத்திலும் கார்க்கின் முதல்தர அணியில் ஆடினார்கள். இரண்டிலும் சேர்த்து ஆளுக்குப் பதினெட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள். கேலிக் விளையாட்டின் முதல்தர நிலையில் ஆணோ பெண்ணோ வேறெவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. இருவருமே சம்பளம் வாங்கிய விளையாட்டுக்காரர்கள் அல்ல. பகலில் வேலை, மாலையில் ஒரு நாள் கால்பந்து, ஒரு நாள் கமோகி. இரண்டு சங்கங்களும் தனித்தனி என்பதால் ஒரே நாளில் இரண்டு போட்டிகள் விழுந்த கூத்தும் நடந்திருக்கிறது. அத்தகைய வீராங்கனைகளை வைத்துக்கொண்டு அணி நடத்துபவர், அடுத்த சங்கத்தின் மேலாளரோடு நாள் கணக்குப் பேரம் பேச வேண்டியவராகவும் இருக்கிறார். வலரி மல்காஹியின் கோல்கள், பிரீட் ஸ்டாக்கின் தற்காப்பு என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

கார்க்கின் ஆண்கள் பக்கம் அதே காலத்தில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2002இல் ஹர்லிங் என்ற ஆண்கள் மட்டைப் பந்தாட்ட வீரர்களின் வேலைநிறுத்தம். 2007-08இல் கால்பந்து மேலாளர் நியமனத்தை எதிர்த்து வேலைநிறுத்தம். 2008-09இல் ஹர்லிங் மேலாளரை எதிர்த்து இன்னொன்று. பத்திரிகைகள் அந்தச் சண்டையில் மூழ்கிக் கிடந்த குளிர்காலத்தில், தொடர்ந்து நான்கு கோப்பை வென்றிருந்த அணி ஒன்று அதே கவுன்டியில் பயிற்சி செய்துகொண்டிருந்தது. ஆண்களின் குறைகள் பலவும் நியாயமானவையே. ஆனால் எந்த வசதி கிடைக்கவில்லை என்று ஆண்கள் போராடினார்களோ, அதில் பாதிகூட இல்லாமல்தான் பெண்கள் ஆடினார்கள்.

2010இல் காலிறுதியில் டைரோன் கார்க்கை வெளியேற்றியது. அந்த ஆண்டுக் கோப்பை டப்ளினுக்கு. ஐந்து வென்ற அணிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கலைந்துபோகும். மூத்தவர்கள் ஓய்வு பெறுவார்கள், மேலாளர் நன்றி சொல்லி விடைபெறுவார், அடுத்த பத்தாண்டு பழம்பெருமை பேசிக் கழியும். ரயன் தங்கினார். ஒரு தோல்வியை வைத்து முறையை மாற்றவும் இல்லை. அவருடைய வாழ்க்கையில் மிகக் கடினமான முடிவு இதுதான் என்பது என் கருத்து. முதல் ஐந்து கோப்பைகளுக்கு அருமையான ஒரு தலைமுறை வாய்த்தது என்று யாரும் சொல்லிவிடலாம். அடுத்த ஐந்துக்கு அந்தச் சமாதானம் செல்லாது.

2013இல் காலிறுதியில் டப்ளினிடம் ஒன்பது புள்ளி பின்தங்கி, பிறகு ஒரு புள்ளியில் வென்றார்கள். ஓய்வு பெற்றிருந்த ஜூலியட் மர்ஃபி திரும்பி வந்த ஆண்டு அது. அடுத்த ஆண்டு இறுதிப்போட்டியில் மறுபடியும் டப்ளின். பதினாறு நிமிடம் மிச்சமிருக்கையில் கார்க் பத்துப் புள்ளி பின்னால். குரோக் பார்க் மைதானத்தில் 27 ஆயிரம் பேர். பெரும்பாலோர் டப்ளினுக்குக் கோப்பை போய்விட்டது என்று முடிவு கட்டியிருப்பார்கள். ரயன் பெஞ்சிலிருந்து அனுப்பிய ரோனா நீ வூகலா ஒரு கோல் அடித்தார். அவரைப் போலவே மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இளம் வீராங்கனை ஈமர் ஸ்காலி இன்னொன்று. ஜெரால்டின் ஓஃபிளின் வெற்றிப் புள்ளியை அடித்தார். 2-13க்கு 2-12.

இதை அதிசயம் என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். பத்துப் புள்ளியை ஒரேயடியாக எட்டிப் பிடிக்க முடியாது என்பதுதான் அந்தப் பதினாறு நிமிடத்தின் பாடம். பின்தங்கிய அணிகள் பதறிப்போய்க் கோலுக்கு மட்டும் அலையும், பந்தை வீணாக்கும். கார்க் அந்தப் பதினாறு நிமிடத்தில் இரண்டு கோல்களோடு எளிய புள்ளிகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. கடிகாரம் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை தாக்குதலுக்கு நேரம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். முந்தைய ஆண்டு ஒன்பதைத் தாண்டிய அனுபவமும் கையில் இருந்தது.

அந்த டிசம்பரில் ஆர்டிஇ தொலைக்காட்சியின் ஆண்டின் சிறந்த அணி விருதை மக்கள் வாக்களித்து கார்க் பெண்களுக்கு அளித்தார்கள். ஒரு பெண்கள் அணி அதைப் பெறுவது அதுவே முதல்முறை. அந்த ஆண்டு ஆறு நாடுகள் போட்டியை வென்ற அயர்லாந்து ஆண்கள் ரக்பி அணியும் களத்தில் இருந்தது. ஒன்பதாவது கோப்பைக்குப் பிறகு, பத்துப் புள்ளி பின்தங்கி மீண்ட பிறகுதான் அந்த விருது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆண்கள் அணி ஒன்று நான்கு வென்றிருந்தாலே போதுமானதாக இருந்திருக்கும்.

2015இல் டப்ளினை மீண்டும் வென்ற பிறகு ரயன் விலகினார். எங்கே போனார்? புதிய மேலாளர் பீடர் ஹீலி நடத்திய கார்க் ஆண்கள் அணியின் பயிற்சிக் குழுவுக்கு. எழுபத்து நான்கு வயதில், பத்து அகில அயர்லாந்துக் கோப்பைகளுக்குப் பிறகு, ஆண்கள் அணியில் துணைப் பொறுப்பு! அவர் அதைக் குறையாகக் கருதினார் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. சொந்தக் கவுன்டி அழைத்தது, போனார். ஆனால் பெண்கள் அணியோடு வென்றவற்றை ஆண்கள் உலகம் எந்தக் கணக்கில் வைக்கிறது என்பது அந்த நியமனத்தில் தெரிகிறது. 2016இல் அந்த ஆண்கள் அணி மன்ஸ்டர் போட்டியில் டிப்பரேரியிடம் தோற்றது. சாம்பியன்ஷிப்பில் 1944க்குப் பிறகு கார்க்கை டிப்பரேரி வென்றது அப்போதுதான். பந்தோடு பழகப் பல ஆண்டு பிடிக்கும் முறையை ஓர் ஆண்டில் ஒட்டவைக்க முடியாது.

அதே 2016இல் பெண்கள் அணியை எஃபி ஃபிட்ஸ்ஜெரால்ட் நடத்த, ஆறாவது முறையாகத் தொடர்ந்து கோப்பை வந்தது. டப்ளினுக்கு எதிராக 1-7க்கு 1-6. பழைய ஒரு புள்ளி. ஆனால் இதில் ஒரு கறை உண்டு: டப்ளின் அடித்த நியாயமான புள்ளி ஒன்றை வெளியே போனதாக அறிவித்துவிட்டார்கள். பந்தின் பாதையைச் சரிபார்க்கும் ஹாக்-ஐ கருவி குரோக் பார்க்கில் ஆண்கள் போட்டிகளுக்கு இருந்தது. அன்று பெண்களுக்காக அதை இயக்கவில்லை.

தொடர்ந்து மூன்று இறுதிப்போட்டிகளில் கார்க்கிடம் தோற்ற டப்ளின், 2017இல் மிக் போஹனை அழைத்துவந்தது. அவர் 2003இல் டப்ளின் பெண்களை இறுதிப்போட்டி வரை கொண்டுபோய் மேயோவிடம் தோற்றவர்; இடையில் டப்ளின் ஆண்கள் அணியில் திறன் பயிற்சியாளராகவும் இருந்தவர். 2017 முதல் 2020 வரை நான்கு கோப்பைகள், 2023இல் ஐந்தாவது. அவருக்கு எதிராக 2021இல் எழுந்தது மீத். ஏமன் மரே நடத்திய அந்த அணி இரண்டாம் நிலைப் போட்டியில் 2018, 2019 இரண்டு இறுதிகளிலும் தோற்று, 2020இல் வென்று மேல்நிலைக்கு வந்து, முதல் ஆண்டிலேயே டப்ளினை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. மறு ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. ரயன், போஹன், மரே மூவரின் பாதையிலும் ஓர் ஒற்றுமை தெரிகிறது. முதல் முயற்சியில் தோற்றபோதோ, நடுவில் சறுக்கியபோதோ யாரும் அவர்களை உடனே துரத்திவிடவில்லை. போஹனைப் பதினான்கு ஆண்டு கழித்துத் திரும்பவும் கூப்பிட்டார்கள். பெண்கள் ஆட்டத்தின் மேல் பத்திரிகை வெளிச்சம் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கசப்பான லாபம்தான். வெளிச்சம் இப்போது கூடிவிட்டது: 2019 இறுதிப்போட்டிக்கு வந்தவர்கள் 56,114 பேர்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு, மூவரும் ஆண்கள். கவுன்டி அளவிலான பெண்கள் அணிகளை இன்றும் பெரும்பாலும் ஆண்களே நடத்துகிறார்கள். வேலை, வீடு, வாரத்தில் பல மாலைகள், சம்பளமில்லாத பொறுப்பு என்ற இந்தக் கணக்கு யாருக்கு ஒத்துவருகிறது என்பதில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. விளையாட்டை முடித்த வீராங்கனையின் முப்பதுகள், ஓய்வை நெருங்கிய ரயனின் அறுபதுகளைப் போல் காலியாக இருப்பதில்லை. பெண்கள் கால்பந்துச் சங்கம், கமோகிச் சங்கம், ஆண்கள் சங்கம் மூன்றும் 2027க்குள் ஒன்றாக இணைய வேண்டும் என்ற இலக்கை, முன்னாள் அதிபர் மேரி மக்காலீஸ் தலைமையிலான குழு 2024இல் அறிவித்தது. மைதானம், பயணச் செலவு, ஒரே நாளில் விழும் இரண்டு போட்டிகள் எல்லாம் அந்தப் பேச்சில் இருக்கின்றன.

ரயன் 2021 ஜனவரியில் எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார். கார்க் பெண்கள் 2016க்குப் பிறகு அந்தக் கோப்பையை வெல்லவில்லை. 2018இலும் 2020இலும் இறுதிப்போட்டி வரை வந்தார்கள், இரண்டிலும் டப்ளின் வென்றது, ஐந்து புள்ளி வித்தியாசத்தில்.